மூடிவைத்த உடன்படிக்கை



நெல் வாங்க வருகின்ற வியாபாரி கொழும்பு விலையை அறிந்தே வருகின்றான். விற்பவர் அதனை அறியாதிருப்பதே அவனுடைய இலாபம். அவன் பொய்யுரைக்க வேண்டியதில்லை. வாய் திறவாதிருந்தாற் போதும். அரசியலிலும் இவ்வியாபாரம் உண்டு. அதற்கு நம் சொந்த வரலாற்றிலிருந்தே ஒரு வழக்கை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

1965 மார்ச் 22இல் நடந்த தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 66 ஆசனங்கள். தனித்து ஆள அவை போதா. தமிழரசுக் கட்சியிடம் 14 ஆசனங்கள் இருந்தன. இரண்டே நாளில், மார்ச் 24இல், டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டனர். வடக்குக் கிழக்கிற் குடியேற்றத் திட்டக் காணிகள் முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு. அடுத்து அம்மாகாணங்களில் வாழும் தமிழ் பேசுவோருக்கு. அதன் பின்னரே ஏனையோருக்கு என்பது அதிலிருந்த ஒரு விதி. கல்லோயாக் குடியேற்றத்தைக் கண்ணாரக் கண்டு, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்ததையும் கண்ட மட்டக்களப்பு மக்களுக்கு இதனிலும் பெரிய செய்தி எது?

ஆனால் அக்கடதாசி அப்போது வெளியிடப்படவில்லை. படுவான்கரையில் ஏர் பிடித்தவருக்குத் தம் காணியுரிமை பற்றி எழுதப்பட்ட வரிசை தெரியாது. பிரதமருக்கு இந்த மறைவு வசதி: தமிழரிடம் வாக்களித்ததாகவும் இருக்கலாம், சிங்கள வாக்காளரிடம் எதையும் கொடுக்கவில்லை என்றும் கூறலாம். நம் தலைவர்களுக்கும் அது ஓரளவு வசதியே. பொறுத்திருங்கள் என்று சொல்லி நாளைக் கடத்த முடிந்தது. எதிர்க்கட்சியினருக்கோ பெருவிருந்து. எழுத்தைக் காணாதவரிடம் எதைச் சொன்னாலும் எடுபடுமன்றோ? 1966 ஜனவரி 8இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் நடந்தது. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பிக்கு மாண்டார். 1968இல் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சியும் அரசை விட்டு வெளியேறியது.

வெளியிட்டிருந்தால் மட்டும் நின்றிருக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1957 ஜூலை 26இல் உருவான பண்டா–செல்வா ஒப்பந்தம் உலகறிய வெளிவந்தது. 1958 ஏப்ரல் 9இல் உலகறியவே கைவிடப்பட்டது. எனினும் ஒரு வேற்றுமையை நோக்குங்கள். அன்று என்ன இழந்தோம் என்பதைச் சாதாரண விவசாயியும் சொல்லக்கூடியவராக இருந்தார். மூடிவைத்த உடன்படிக்கை முறிந்தபோது எந்த விதி முறிந்தது என்று கேட்கவும் அவருக்கு வழியில்லை. சாட்சிகளை வெளியே நிறுத்திவிட்டு எழுதிய உறுதிக்கு எந்த நீதிமன்றில் மதிப்பு?

ஆகவே தேர்தல் முடிந்ததும் எவரோடு எதைப் பேசினோம் என்று எந்தக் கட்சி வந்து கூறினாலும், நம் கட்சியே ஆயினும், எழுத்தைக் காட்டு என்று கேளுங்கள்.

கச்சேரியிலும் அவ்வாறே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. காணி எவருக்கு அளிக்கப்பட்டது, மேய்ச்சல் தரை எங்கு ஒதுக்கப்பட்டது, குளத்து நீர் எவ்வாறு பங்கிடப்பட்டது என்றெல்லாம் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. எழுத இயலாதவர் வாயாற் கேட்கலாம். அதனை எழுதிக்கொள்வது அதிகாரியின் கடமை. கேட்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் வாருங்கள். மனுக்களை இன்றே எழுதத் தொடங்குவோம்.