காயம் ஆற வழி என்ன? ஆராய்ச்சி கூறும் உண்மைகள்

(உழவர் நாள் விழாவில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரம், களை, பாசன நீர் பற்றிப் பேச வேண்டிய உழவியல் விரிவுரையாளர் காயத்தைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

கதிர் அரிவாள், மண்வெட்டி, கோடரி, கருவேல முள், கரும்புத் தோகை, மாட்டின் குளம்பு ஆகியவற்றுக்கு நடுவேதான் நம் நாள் கழிகிறது. நடவுக் காலத்தில் உள்ளங்காலில் ஒரு வெட்டு விழுந்தால், அது ஆறும் வரை சேற்றில் இறங்க முடியாது. பருவமோ காத்திருக்காது. ஏக்கர் கணக்கு நிலம் இல்லாத சிறு உழவருக்குக் கையும் காலுமே முதல். அந்த முதலைக் காப்பது விதை நெல்லைக் காப்பதற்கு ஒப்பாகும். இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம், காயங்களைப் பற்றி இன்று மருத்துவர்கள் செய்யும் ஆராய்ச்சி முறைக்கும் வயலுக்கும் உள்ள உறவு. எந்தக் காயத்துக்கு எந்த மருந்தைக் கொடுப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் இந்த முடிவுகள் எப்படிக் கண்டறியப்பட்டன என்பதை உழவியல் படித்தவர் எடுத்துச் சொல்லலாம்.

வயலிலிருந்து மருத்துவமனைக்கு

புதிய நெல் இரகம் ஒன்றைப் பரிந்துரைக்கும் முன் நாங்கள் என்ன செய்கிறோம்? நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரிக்கிறோம். சில பாத்திகளில் புதிய இரகத்தையும் சிலவற்றில் பழைய இரகத்தையும் நடுகிறோம். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கியதுபோல் முடிவு செய்கிறோம். நல்ல மண்ணைப் புதிய இரகத்துக்கு ஒதுக்கிவிட்டு, பிறகு அதன் விளைச்சலைப் புகழ்வது நேர்மையாகாது அல்லவா?

இம்முறையை வகுத்தவர் ஆர்.ஏ. ஃபிஷர். இவர் 1919-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். வயலில் பிறந்த இக்கருத்தை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். காசநோய்க்கு ஸ்டிரெப்டோமைசின் பயன்படுமா என்று இம்முறையில் ஆராய்ந்து, 1948-ஆம் ஆண்டு பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் முடிவை வெளியிட்டது. அதுமுதல், 'எனக்குப் போட்டேன், ஆறிவிட்டது' என்று ஒருவர் சொல்வது மட்டும் சான்றாகாது என்பது மருத்துவத்திலும் நிலைபெற்றது. ஏனெனில் பெரும்பாலான சிறு காயங்கள் எதைப் போட்டாலும், எதையும் போடாவிட்டாலும் ஆறிவிடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எந்த உரம் போட்டவரும் தம் உரத்தைப் புகழ்வது போன்றதே இது.

காயம் ஆறும் விதம்

காயம் பட்டவுடன் இரத்தம் உறைந்து ஒழுக்கை அடைக்கிறது. அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த தசையையும் அகற்றுகின்றன. அப்போது காணும் இலேசான வீக்கமும் சிவப்பும் இப்பணியின் அடையாளங்களே. பிறகு புதிய சதை வளர்கிறது. ஓரங்களிலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடுகிறது. கடைசியாக, மூடிய இடம் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக வலுப்பெறுகிறது. மூன்று வாரத்தில் அவ்விடத்துக்கு நல்ல தோலின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். ஆழமான காயம் மேலே மூடிவிட்டது என்பதற்காக மறுநாளே மூட்டை தூக்கினால் அது பிளந்துகொள்ளக் காரணம் இதுவே.

கழுவ எந்த நீர்?

காயத்தைக் கழுவ மருந்துக்கடையில் விற்கும் உப்பு நீர்தான் வேண்டுமா, குழாய் நீர் போதுமா? அமெரிக்க மருத்துவமனைகளில் வெட்டுக் காயத்துடன் வந்த 715 பேரைக் கொண்டு இது ஆராயப்பட்டது. 2007-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, உப்பு நீரால் கழுவப்பட்டவர்களில் நூற்றுக்கு 3.3 பேருக்கும், குழாய் நீரால் கழுவப்பட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் சீழ் பிடித்தது. இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. அங்கே பயன்படுத்தியது குடிக்கத்தக்க குழாய் நீர் என்பதைக் கவனியுங்கள். வாய்க்கால் நீர், குட்டை நீர், வயலில் தேங்கிய நீர் ஆகியவை இதில் சேரா. குடிநீர் ஐயத்துக்கு இடமானால் கொதிக்க வைத்து ஆறிய நீரைப் பயன்படுத்துங்கள்.

நீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துள்ளது. எலும்பு முறிந்து வெளியே தெரியும் கொடிய காயங்கள் கொண்ட 2,447 பேரிடம், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆய்வு நடந்தது. 2015-இல் வெளியான முடிவின்படி மெதுவாகக் கழுவியதும் வேகமாகப் பீய்ச்சியதும் ஒரே பலனையே தந்தன. சோப்பு நீரால் கழுவப்பட்டவர்களில் நூற்றுக்கு 14.8 பேருக்கும், உப்பு நீரால் கழுவப்பட்டவர்களில் 11.6 பேருக்கும் மறு அறுவை தேவைப்பட்டது. ஆகவே பம்புசெட் நீரில் காலை நீட்ட வேண்டியதில்லை. செம்பிலிருந்து நிதானமாக நிறைய நீர் ஊற்றிக் கழுவுங்கள். நாய்க்கடி மட்டும் இதற்கு விலக்கு. அதைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும்.

உலர விடுவதா, மூடி வைப்பதா?

'காற்றுப் பட்டால்தான் புண் ஆறும்' என்பது நம்மிடையே ஊறிய எண்ணம். 1962-ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மற்றவற்றைத் திறந்துவிட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது. அடுத்த ஆண்டு மனிதர்களிடமும் இதே உண்மை காணப்பட்டது.

காரணம் உங்களுக்கு எளிதில் விளங்கும். மேல்மண் இறுகிப் பொருக்குத் தட்டிய நிலத்தில் முளை வெளிவரத் திணறுகிறது. மூடாக்கு இட்ட ஈர நிலத்தில் தடையின்றி வருகிறது. காய்ந்த புண்ணின் பொருக்குக்கு அடியில் புதுத்தோல் வழி குடைந்துகொண்டு போக வேண்டியுள்ளது. ஈரம் காத்த புண்ணில் அது வழுக்கிக்கொண்டு நகர்கிறது. ஆனால் ஈரம் வேறு, தேங்கிய நீர் வேறு. நாள் முழுதும் சேற்றில் ஊறிய கால்விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணை நீங்கள் அறிவீர்கள். நீர் தேங்கிய வேர் அழுகுவதுபோல், ஊறிய தோலும் கெடும். ஆகவே கட்டு நனைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

மூடும் பொருள்களில் நம் தோட்டத்துப் பொருள்களும் ஆராயப்பட்டுள்ளன. நம் நாட்டில் தீக்காயம் பட்ட 104 பேரில் பாதிப் பேருக்குத் தேனும், பாதிப் பேருக்கு வழக்கமான வெள்ளி மருந்துக் களிம்பும் இட்டு ஒப்பிட்ட ஆய்வு 1991-இல் வெளியாயிற்று. பதினைந்து நாட்களில் தேன் இட்டவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கும், களிம்பு இட்டவர்களில் 10 பேருக்கும் புண் ஆறியது. தேனின் அடர்ந்த சர்க்கரையும் புளிப்பும் கிருமிகளை வளரவிடா. பல ஆய்வுகளையும் ஒருங்கே சீர்தூக்கிய 2015-ஆம் ஆண்டு மதிப்பீடும், மேலோட்டமான தீக்காயங்கள் தேனால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்றே கூறியது.

ஆனால் நஞ்சைக்கு ஏற்ற இரகம் புஞ்சைக்கு ஆகாது அல்லவா? நியூசிலாந்தில் நரம்புச் சுருட்டல் போன்ற சிரைக் கோளாறால் கால் புண் வந்த 368 பேரிடம் தேன் கட்டை ஆராய்ந்தபோது, சொல்லத்தக்க பலன் கிடைக்கவில்லை. வலியே கூடியது. இது 2008-இல் வெளியான முடிவு. மேலும், மருத்துவமனைகளில் இன்று பயன்படுவது கதிர்வீச்சால் கிருமி நீக்கிய தேன். வீட்டுத் தேனை ஆழமான காயத்தில் ஊற்றக் கூடாது.

வாழை இலையையும் மும்பை மருத்துவர்கள் ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். ஒட்டுப் போடத் தோல் எடுத்த இடங்களில் வாசலின் தடவிய துணிக்குப் பதிலாக வாழை இலையைக் கட்டினார்கள். இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சால் அது புண்ணில் ஒட்டுவதில்லை. கட்டை எடுக்கும்போது வலியும் மிகக் குறைவு. செலவும் சொற்பம். ஆனால் அவர்கள் இலையை நீராவியில் கிருமி நீக்கிய பிறகே பயன்படுத்தினார்கள். தோட்டத்தில் அறுத்த இலையை அப்படியே கட்டுவது இதற்குச் சமமாகாது.

சாணம், மண், சாம்பல் வேண்டாம்

இரணஜன்னி என்னும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான புண்ணில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். தாடை இறுகும், உடல் வில்லாக வளையும், உயிர் போகும். நிலத்துக்கு உயிரூட்டும் சாணமே புண்ணில் பட்டால் எமனாகலாம். ஒரு முறை இந்நோய் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் கிடைப்பதில்லை. தடுப்பூசி ஒன்றே காப்பு. பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இதனைப் போட்டுக்கொள்ள வேண்டும். மண்ணோ சாணமோ பட்ட காயமானால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தாலே மீண்டும் போட வேண்டும்.

உணர்விழந்த கால்

இனிச் சொல்லப்போவது நீரிழிவு உள்ளவர்கள் அவசியம் அறிய வேண்டியது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் ஆறாத புண்களைக் கண்டார். நோயினால் சதை தானாக அழுகுகிறது என்றே அந்நாளில் பலரும் நம்பினர். வலி தெரியாததால் புண்பட்ட காலையே ஊன்றி நடக்கிறார்கள், அதனால்தான் ஆறவில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பாரத்தைப் பரப்பும் மாவுக்கட்டும், மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பும் வேலூரில் பயன்பட்டன. 1960-களில் அமெரிக்கா சென்றபின், நீரிழிவால் உணர்விழந்த கால்களுக்கும் இதே அறிவு பொருந்தும் என்று அவர் எடுத்துரைத்தார்.

அங்கே நீரிழிவுக் கால் புண் உள்ள 63 பேரிடம் நடந்த ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. கழற்ற முடியாத மாவுக்கட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 89.5 பேருக்குப் பன்னிரண்டு வாரத்தில் புண் ஆறியது. கழற்றி மாட்டும் காலணியில் 65 பேருக்கும், அரைச் செருப்பில் 58.3 பேருக்குமே ஆறியது. மருந்தைவிட, காலுக்கு ஓய்வு தருவதே அங்கே பெரிதாக இருந்தது. நடுப்பகல் வெயிலில் வரப்பில் வெறுங்காலுடன் நடந்தும் சுடவில்லை என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அது காலின் உறுதி அன்று. உணர்வு போய்விட்டதன் அடையாளமாக இருக்கலாம். அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். கால் போவது பெரும்பாலும் கவனியாத ஒரு சிறு புண்ணில்தான் தொடங்குகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையிடையே எடுத்துப் பார்க்காதீர்கள்.

2. கையைக் கழுவிய பின், குடிநீரை நிறைய ஊற்றிக் காயத்தைக் கழுவுங்கள்.

3. சாணம், மண், சாம்பல், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

4. சுத்தமான கட்டுத்துணியால் மூடுங்கள். நனைந்தாலும் அழுக்கானாலும் மாற்றுங்கள்.

5. தடுப்பூசி போட்ட தேதியை வீட்டில் எழுதி வையுங்கள்.

6. நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். மாலையில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும்.

7. ஆழமான வெட்டு, உள்ளே முறிந்த முள், பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல், வாய் திறக்க இயலாமை, இரண்டு வாரமாகியும் சுருங்காத புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். வாய் திறக்க இயலாவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள்.

பயிரில் ஒரு புள்ளி கண்டால் இலையைப் பறித்துக்கொண்டு எங்களிடம் ஓடி வருகிறீர்கள். அந்த விழிப்பில் பாதியை உங்கள் கால்மீது காட்டினால் போதும். இன்று மாலை கால் கழுவும்போதே அதைத் தொடங்குங்கள்.