வரிச்சலுகையும் வள்ளன்மையும்



கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில், கருப்பணசாமி பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை அடுத்து வட்டெழுத்துப் பொறிப்புகள் காணப்படுகின்றன. அச்சணந்தி அடிகளின் பெயரும் அவற்றுள் ஒன்று. பண்டைத் தமிழகத்தில் சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. அந்நிலத்தை வரி நீக்கி இறையிலியாக அளிப்பதும் மரபு. ஆகவே, அறத்தின் பொருட்டு அரசு வரியை விட்டுக்கொடுப்பது நமக்குப் புதிய செய்தியன்று.

இக்காலத்தில் அதற்கு ஒப்பானது வருமான வரிச் சட்டத்தின் நன்கொடைக் கழிவு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஜி பிரிவால் அது பெயர் பெற்றது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, பிரிவு எண்கள் மாறினும் கழிவு தொடர்கிறது. ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைக்கு ஒருவர் 10,000 ரூபாய் வழங்கினால், வரம்புக்கு உட்பட்டு, பொதுவாகப் பாதித் தொகையாகிய 5,000 ரூபாய் அவர் வருமானத்தில் கழியும். 30 சதவீத வரி செலுத்துபவர்க்கு 1,500 ரூபாய் மிஞ்சும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக அளித்தால் இக்கழிவு இல்லை.

2020-21இல் வந்த புதிய வரிமுறை இக்கணக்கை மாற்றிவிட்டது. அதில் வரி விகிதம் குறைவு. நன்கொடைக் கழிவோ இல்லை. 2023-24 முதல் அதுவே இயல்பான முறையாயிற்று. 2025-26 முதல் அம்முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சம்பள வருமானத்துக்கு வரியே இல்லை. இதனால் நடுத்தரக் குடும்பத்தார் பலர்க்கு நன்கொடைச் சீட்டால் வரிப்பயன் கிட்டாது. மார்ச் மாத இறுதியில் வரி மிச்சத்தைச் சொல்லி நன்கொடை திரட்டி வந்த அறக்கட்டளைகள் இதை உணர்தல் வேண்டும். ஏழை மாணவரின் கல்லூரிக் கட்டணமும் நோயாளியின் மருந்துச் செலவும் அத்தொகையையே நம்பியுள்ளன.

எனின், அறம் குன்றிவிடுமா? இப்பள்ளத்தாக்கே விடை கூறும். கம்பத்துத் திராட்சை உழவரும் நெல் உழவரும் ஈட்டும் வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. வரியே இல்லாதவர்க்கு வரிக்கழிவால் என்ன பயன்? ஆயினும் ஊர்த் திருவிழாவுக்கும் அன்னதானத்துக்கும் அவர்கள் நெல்லும் பணமும் அளித்தே வருகின்றனர். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகர்க்குத்தான் அக்கழிவு கணக்கில் வரும். இருவரும் கொடுக்கின்றனர், ஒருவர்க்கே சலுகை. ஆகவே சலுகை கொடைக்குத் துணையே, வேர் அன்று.

ஆயினும் அத்துணையை வீணாக்குதல் தகாது. பழைய முறையில் வரி செலுத்துவோர்க்கு அது இன்றும் உண்டு. ஒரு சமயத்தார்க்கோ சாதியார்க்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்கு இக்கழிவின் ஒப்புதல் கிடைக்காது. எனவே கல்வி உதவியும் மருத்துவ உதவியும் எல்லார்க்கும் திறந்திருத்தல் சட்டத்துக்கும் உகந்தது. சமணம் போற்றும் ஆகார, அபய, ஔடத, சாத்திர தானங்களுக்கும் உகந்தது. பதிவைக் காலத்தே புதுப்பித்தல், நன்கொடையாளர் விவரத்தை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு அளித்தல், வரவு செலவை அனைவரும் காண வெளியிடுதல் ஆகியவை அறங்காவலர் கடமை.

ஆதிபகவனுக்குச் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு அளித்த நாளையே அட்சய திருதியையாகக் கொண்டாடுகிறோம். அக்கொடை கழிவு கருதி அளித்ததன்று. அரசின் விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். கொடுப்பவர் மனமும் பெறுபவர் நேர்மையும் மாறாதிருப்பின் அறம் தழைக்கும்.