கடல் கடந்த உழைப்பாளர்: அந்நியச் செலாவணியா, குடிமக்களா?

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 ஜூன் 12 விடியற்காலையில், குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கவைக்கப்பட்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. இரண்டு நாள் கழித்து, 45 இந்தியர்களின் உடல்களைச் சுமந்து விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. அங்கே ஒப்படைக்கப்பட்ட 31 பேரில் 23 பேர் கேரளத்தவர், 7 பேர் தமிழ்நாட்டவர், ஒருவர் கர்நாடகத்தவர். ஒரே கட்டடத்தில் உறங்கியவர்கள் ஒரே விமானத்தில் திரும்பினார்கள்.

அதே நாள்களில்தான், இந்நகரின் சட்டமன்ற வளாகத்தில் உலகக் கேரள அவை நான்காம் முறையாகக் கூடியது. கொண்டாட்டங்கள் விலக்கப்பட்டு, துயரத்தின் நிழலில் அது நடைபெற்றது. ஓர் அரசு, தன் எல்லைக்கு வெளியே வாழும் குடிமக்களோடு பேண வேண்டிய உறவு எது? அவர்கள் அனுப்பும் பணத்தோடு முடிந்துவிடும் உறவா, உரிமையின் அடிப்படையிலான உறவா? இன்று நாம் விவாதிக்க வேண்டிய கேள்வி இதுவே.

பணத்தின் கணக்கு

இந்நகரின் வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் கேரளப் புலப்பெயர்வு ஆய்வைத் தொடங்கி வைத்தது. அந்த வரிசையில் 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி, அயல்நாடுகளில் வாழும் கேரளத்தவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர். அவர்கள் ஓராண்டில் அனுப்பிய தொகை 2,16,893 கோடி ரூபாய். 2018-இல் இது 85,092 கோடியாக இருந்தது.

இந்தப் பெருந்தொகையைக் கொணர்ந்தவர் எந்தப் பெருமுதலாளியும் அல்லர். ஓட்டுநர், செவிலியர், கட்டடத் தொழிலாளி, வீட்டுப் பணிப்பெண் ஆகியோர் வயிற்றையும் வாயையும் கட்டிச் சேர்த்த பணம் இது. ஓர் உழைப்பாளியை வளர்த்து, படிக்கவைத்து ஆளாக்கும் செலவைத் தாயகம் ஏற்கிறது. உடல் உரத்தோடு இருக்கும் இருபது, முப்பது ஆண்டுகளின் உழைப்பை அயலக மூலதனம் எடுத்துக்கொள்கிறது. முதுமையும் நோயும் வந்தபின் அவரை மீண்டும் தாயகத்திற்கே திருப்பி அனுப்புகிறது. இந்தச் சுழற்சியில் வரவை மட்டும் கணக்கெழுதும் அரசு, தன் கடமையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

கேளாமல் எழுதிய ஒப்பந்தம்

தமிழராகிய நமக்கு இதில் கசப்பான பட்டறிவு உண்டு. 1948-இல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பங்கிடுவதைப் போல மனிதர்களைப் பங்கிட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் நின்ற ஒருவரைக்கூட 'நீ எங்கே வாழ விரும்புகிறாய்?' என்று கேட்டு அந்த எண்கள் எழுதப்படவில்லை. அவ்வாறு அனுப்பப்பட்டோரில் ஒரு பகுதியினருக்காகவே புனலூரில் மறுவாழ்வு ரப்பர் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம் அண்டை மாவட்டத்தில் வாழ்கிறார்கள்.

ஒன்றிய அரசின் பார்வை

2003 முதல் ஒன்றிய அரசு, காந்தி தாயகம் திரும்பிய ஜனவரி 9-ஐ அயலக இந்தியர் நாளாகக் கொண்டாடுகிறது. 2004-இல் அவர்களுக்கென உருவான தனி அமைச்சகத்தை, 2016-இல் மோடி அரசு வெளியுறவு அமைச்சகத்தோடு இணைத்து இல்லாமலாக்கியது. மாநாட்டு மேடையில் முதலீட்டாளருக்கு வரவேற்பு. தொழிலாளிக்கோ இன்றும் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டமே காப்பு. முகவர் ஒருவர் 30,000 ரூபாயும் வரியும் தவிர வேறு கட்டணம் பெறக் கூடாது என்கிறது விதி. ஊர்களில் துணை முகவர்கள் கறக்கும் தொகை என்னவென்பதை, நகையை அடகு வைத்து விசா வாங்கிய குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

வாக்குரிமையின் நிலையும் இதுவே. 2010-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் வாக்களிக்க வேண்டுமெனில் சொந்தத் தொகுதிக்கு நேரில் வர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த அயலக வாக்காளர் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர் 2,958 பேர் மட்டுமே. அவர்களிலும் 2,670 பேர் கேரளத்தவர். ஒரு வாக்குக்காக விடுப்பையும் விமானக் கட்டணத்தையும் இழக்க எந்தத் தொழிலாளியால் இயலும்?

2020 மே மாதம், பெருந்தொற்றில் வேலையிழந்து திரும்பியோரும் மீட்பு விமானங்களில் தம் கட்டணத்தைத் தாமே செலுத்த வேண்டியிருந்தது. மங்காஃப் துயரின்போது குவைத் செல்லப் புறப்பட்ட கேரள நலவாழ்வுத் துறை அமைச்சர் வீணா ஜார்ஜுக்கு ஒன்றிய அரசு இசைவு தரவில்லை. அந்நியச் செலாவணி மாநிலத்திலிருந்து சென்றோரின் உழைப்பால் வரலாம்; அம்மாநிலத்தின் அமைச்சர் துயர் துடைக்கச் செல்லலாகாது என்பதுதான் இவர்களின் கூட்டாட்சி!

கேரளம் திறந்த வழி

மலையாள ஆவணங்களைத் தமிழாக்கும்போது 'பிரவாசி' என்ற சொல்லில் நான் ஒவ்வொரு முறையும் தயங்குவதுண்டு. 'வெளிநாடுவாழ்' என்று எழுதினால் பொருள் குறைந்துவிடும். ஏனெனில் 2008-ஆம் ஆண்டின் கேரள நலச் சட்டம், சென்னையிலும் மும்பையிலும் உழைக்கும் மலையாளியையும் பிரவாசியாகவே கொள்கிறது. ஊரை விட்டு எங்கே சென்றாலும் அவர் அரசின் பொறுப்புக்கு உட்பட்டவரே என்ற கருத்து அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது.

இந்தியாவிலேயே முதன்முதலாக இவர்களுக்கெனத் தனித்துறையான 'நோர்க்கா'வை 1996 டிசம்பரில் நாயனார் தலைமையிலான அரசு தொடங்கியது. நல வாரியத்தில் சந்தா செலுத்தியோர்க்கு 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் கிடைக்கிறது. அயலகத்தில் இறந்தோரின் உடலை விமான நிலையத்திலிருந்து வீடு சேர்க்கக் கட்டணமில்லா ஊர்தி உண்டு. 2018 ஜனவரியில் உலகக் கேரள அவை முதன்முறையாகக் கூடியது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களோடு அயலகத்தவரும் பிற மாநிலங்களில் வாழ்வோரும் தாயகம் திரும்பியோரும் ஒரே அவையில் அமர்கின்றனர். மொத்தம் 351 பேர்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை, தோழர்களே. காங்கிரஸ் அணி இந்த அவையைப் புறக்கணித்தது அரசியல் நோக்கம் கொண்டது என்பது நம் மதிப்பீடு. எனினும், அங்கே பேசும் வாய்ப்பு தொழிலதிபருக்கு எளிதாகவும், தொழிலாளர் குடியிருப்பில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் படுப்பவருக்கு அரிதாகவும் இருக்கிறதா என்ற கேள்வியை நாமே எழுப்பியாக வேண்டும். உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகின்றனர். அவையின் பரிந்துரை அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதும் இல்லை. அவையை மதிப்பதென்றால் அதை வலுப்படுத்தக் கோருவதே முறை.

நமது கடமை

தமிழ்நாட்டில் 2011-இலேயே சட்டம் இயற்றப்பட்டும், பத்தாண்டுகள் நல வாரியம் உருப்பெறவில்லை. 2021-க்குப் பின் தனித்துறை வந்தது. ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாயிற்று. வரவேற்கிறோம். ஆனால் விழா மேடையோடு நின்றுவிடாமல், வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் தொழிலாளரின் குரல் ஒலிக்கும் நிலையான அவை தமிழ்நாட்டிலும் வேண்டும். முகவர் கொள்ளையைத் தண்டிக்கும் புதிய குடிபெயர்வுச் சட்டம், வேலை நாடுகளோடு ஊதியத்தையும் தங்குமிடப் பாதுகாப்பையும் உறுதிசெய்யும் ஒப்பந்தங்கள், இருக்குமிடத்திலேயே வாக்களிக்கும் வழி ஆகியவற்றை ஒன்றிய அரசிடம் போராடிப் பெற வேண்டும். உங்கள் பகுதியில் அயலகம் சென்றோரின் குடும்பங்களைச் சந்தித்து நல வாரியத்தில் பதிவு செய்விப்பதை உடனடிப் பணியாக மேற்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குபவர்களும், இந்நகரின் கட்டடங்களில் சாரம் கட்டுபவர்களும் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். கேரளம் அவர்களை 'அதிதித் தொழிலாளி' என அழைக்கிறது. விருந்தினர் என்பது பொருள். குவைத்தில் நம் தோழர்களுக்கு நாம் கேட்கும் பாதுகாப்பான உறைவிடத்தையும் உரிய ஊதியத்தையும் இங்கே இவர்களுக்கு உறுதிசெய்யாவிட்டால் நம் கோரிக்கைக்கு வலிமை இராது. இந்த வகுப்பு முடிந்ததும் அவர்கள் தங்கும் அறைகளுக்குச் சென்று பாருங்கள். நம் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.