பச்சைப் பாட்டிலும் மரிக்கொழுந்தும்

(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான், கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு சாராயத்தைப் பற்றி. முன்வரிசையில் சார் முறைப்பது தெரிகிறது. பயப்படாதீங்க சார், நீங்கள் நடத்திய கரிம வேதியியல்தான் இது. மாணவர்கள் காதால் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

காரணம் இருக்கிறது. அங்கே மேற்படிப்புக்கு வந்த நம் கல்லூரித் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, அப்சிந்த் பாட்டில் விலை கட்டுபடியாகாது. அந்தச் செடியின் எண்ணெயைத் தபாலில் வாங்கி வோட்காவில் கலந்துக்கலாமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்சிந்த் பிரான்சு, சுவிட்சர்லாந்து நாட்டுச் சரக்கு. அதில் சேரும் முக்கியச் செடி ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம். நம்ம ஊரில் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறார்களே மரிக்கொழுந்து, அது ஆர்ட்டிமீசியா பாலன்ஸ். இரண்டும் பங்காளிகள். நம்முடையது மணக்கும்; அது வாயில் வைக்க முடியாத கசப்பு. அதோடு அனீஸ் விதையும் பெருஞ்சோம்பும் சேர்த்து, சாராயத்தில் ஊறவைத்து, வாலையில் வடிப்பார்கள். கசப்புப் பொருள் ஆவியாகாது, அடியிலேயே தங்கிவிடும். ஆகவே நல்ல அப்சிந்த் இலேசாகத்தான் கசக்கும். நாக்கைப் பிடுங்குகிற கசப்பு இருந்தால், வடிக்காமல் வெறுமனே ஊறவைத்தது அல்லது எசன்ஸ் கலந்தது என்று சந்தேகப்படுங்கள்.

நானே ஏமாந்தவன்தான். 2009இல் ஒரு கடையில், மண்டையோடு படம் போட்ட பாட்டிலை அறுபது டாலர் கொடுத்து வாங்கினேன். நிறம் ரோட்டோர சர்பத் மாதிரி. ஐஸ் தண்ணீர் விட்டால் பால்போலக் கலங்க வேண்டும். கலங்கவே இல்லை. பச்சைத் தண்ணி பச்சைத் தண்ணியாகவே இருந்தது! அப்புறம்தான் லேபிளைப் படித்தேன்: யெல்லோ 5, புளூ 1. எல்லாம் சாயம்.

ஏன் கலங்க வேண்டும்? சோம்பு வாசனைக்குக் காரணமான அனித்தோல் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் சேரச் சேர எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து வெள்ளையாகத் தெரியும். தண்ணீரில் டெட்டால் விட்டுப் பார்த்திருக்கிறீர்களே, அதே சங்கதி. எண்ணெய் பிரியாமல் கரைந்திருக்கத்தான் சாராயச் சத்து 53 முதல் 70 சதவீதம் வரை வைக்கிறார்கள். அதற்கு மிகவும் குறைவாக இருந்தால் யோசியுங்கள்.

உண்மையான பச்சை, வடித்தபின் மூலிகைகளை மறுபடி ஊறவைத்து வருகிற இலைப்பச்சை. வெளிச்சம் பட்டால் பழுப்பாகிவிடும் என்பதால் கறுப்புப் பாட்டிலில் அடைப்பார்கள். நிறமே இல்லாத வெள்ளை வகையும் உண்டு. அது மட்டம் அல்ல. தடைக்காலத்தில் சுவிஸ்காரர்கள் திருட்டுத்தனமாக வடித்தது அதைத்தான்.

தடை என்றேனே, அது தனிக்கதை. 1905இல் சுவிட்சர்லாந்தில் லான்ஃப்ரே என்பவன் கர்ப்பிணி மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று முழுக்க அவன் குடித்தது வைனும் பிராந்தியும். பழி விழுந்தது அவன் குடித்த இரண்டு கிளாஸ் அப்சிந்த் மேல். அங்கே 1910இல் தடை, அமெரிக்காவில் 1912, பிரான்சில் 1915. மூளையைக் கெடுக்கும் என்று குற்றம் சாட்டப்பட்ட பொருள் துஜோன். 2008இல் வெளியான ஆய்வில் தடைக்கு முந்தைய 13 பாட்டில்களைச் சோதித்தபோது, லிட்டருக்கு அரை மில்லிகிராம் முதல் 48 மில்லிகிராம் வரைதான் இருந்தது. மனிதனைக் கெடுத்தது பெரும்பாலும் சாராயமேதான். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் 2007இல் கதவு திறந்தது. துஜோன் பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கீழே இருந்தால் விற்கலாம். முதலில் வந்தவற்றுள் லூசிட், 62 சதவீதம். நியூ ஆர்லியன்ஸ் வேதியியலாளர் டெட் புரோ உருவாக்கி பிரான்சில் வடிப்பது. கூப்ளர், சுவிஸ் வெள்ளை வகை, 53. கலிபோர்னியாவின் அலமீடாவில் செயின்ட் ஜார்ஜ், 60. புதிதாக வாங்குகிறவர் கூப்ளரில் தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. சாயம் பற்றிய கவலையே இல்லை. ஒரு பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஐஸ் தண்ணீர், சொட்டுச் சொட்டாக. சர்க்கரைக் கட்டியில் தீ வைப்பது 1990களில் செக் நாட்டு மதுக்கடைகள் பரப்பிய வேடிக்கை. கையிலிருப்பது 60 சதவீதச் சாராயம், ஜாக்கிரதை.

இப்போது தம்பியின் எண்ணெய்க்கு வருகிறேன். 1997இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார்கள். வயது 31. இந்தச் செடியின் எண்ணெயைத் தபாலில் தருவித்து, அப்சிந்த் என்று நினைத்துச் சுமார் 10 மில்லி குடித்துவிட்டார். வலிப்பு, தசை சிதைவு, சிறுநீரகச் செயலிழப்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். பத்து மில்லி என்றால் இரண்டு டீஸ்பூன்தான். வாலையில் கொஞ்சமாக வருவது வேறு, எண்ணெயாகத் திரட்டியது வேறு.

இதைச் சொன்னதும் தம்பி ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, அது ஏற்கனவே வந்து அலமாரியில இருக்கு" என்றார். அன்று சாயந்திரமே இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், கையோடு வாங்கி வந்துவிட்டேன். எங்கள் ஊர் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைத்த ரசீது இன்னும் என் பர்சில் இருக்கிறது.

சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். வணக்கம்.