பட்டம் பெற்ற பிள்ளைகளும் கிராமத்து உத்தியோகமும்
(கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்துக்குரிய பிரசங்கம்)



கலாசாலைப் படிப்பை முடித்துக்கொண்டு வைகாசியில் பெட்டி படுக்கையுடன் வீடு திரும்பும் பிள்ளைகள், அடுத்த வைகாசிக்குள் என்ன ஆகிறார்கள் என்பதை அந்தந்த வீட்டார் அறிவர். ஊர் கூடிப் பேசும் இடத்தில் மட்டும் இவ்விஷயம் எழுவதில்லை. வாய்க்கால் தூர், உர விலை, கடன் தவணை ஆகியவற்றைப் பேச வேண்டிய சங்கக் கூட்டத்தில் பட்டதாரிகளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நகைக் கடனுக்கு வருவோரிடம் செயலாளர் காரணம் விசாரிப்பாரானால் பதில் தானே கிடைத்துவிடும். மகனுடைய பரீக்ஷைப் பயிற்சிக்காகச் சங்கத்துப் பெட்டியில் வந்து உறங்கும் சங்கிலிகளும் உண்டு.

தமிழ்நாட்டில் உயர்தரக் கல்வி பரவியிருப்பது பெருமைக்குரியதே. 2021-22-ஆம் வருஷத்து அகில இந்திய உயர்கல்விக் கணக்கின்படி, கல்லூரி வயதினரின் தொகைக்கு மாணவர் தொகை தேச முழுமைக்கும் நூற்றுக்கு 28.4 என்றால், தமிழ்நாட்டில் 47 ஆகும். சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டமும் 2022 செப்டம்பரில் ஆரம்பமாயிற்று. படிக்கும் வரையில் கைகொடுக்க இவ்விதம் ஏற்பாடுகள் இருக்கின்றன. பட்டம் கைக்கு வந்த மறுநாள் அப்பெண் என்ன செய்வது என்பதற்குத்தான் ஏற்பாடு குறைவு.

சிலர் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும், சென்னை, கோயம்புத்தூர்க் கம்பெனிகளுக்கும் செல்கின்றனர். சிலர் மேற்படிப்பில் சேருகின்றனர். அவர்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. கவலைக்குரியவர்கள் வீட்டிலிருந்தபடியே காத்திருப்பவர்கள்.

காத்திருப்பு என்பது பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகப் பரீக்ஷைக்கே. தமிழ்நாடு பப்ளிக் சர்வீஸ் கமிஷன் நடத்தும் நான்காம் தொகுதிப் பரீக்ஷைக்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதுமானது. ஆயினும் அதற்குப் பட்டதாரிகளே திரளாகச் சென்று உட்காருகிறார்கள். 2022-இல் நடந்த பரீக்ஷைக்குச் சுமார் 22 லக்ஷம் பேர் விண்ணப்பித்தனர். 2025 ஜூலையில் நடந்த பரீக்ஷைக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தோர் 13 லக்ஷத்து 80 ஆயிரத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 350 பேர்! இருநூறு கேள்விகளுக்கு மூன்று மணி நேரத்தில் விடையளிக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்காக ஒரு வாலிபன் நூல்நிலையத்தில் மூன்று வருஷம், ஐந்து வருஷம் கழிக்கிறான். ஒரு மார்க்கில் தவறியவன் அடுத்த அறிவிப்பை எதிர்பார்த்து மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறான்.

இவ்வாலிபர்களைச் சோம்பேறிகள் என்று திண்ணையில் இருந்துகொண்டு ஏசுவது நியாயமன்று. சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் மனிதவள அபிவிருத்திக் கழகமும் 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை ஒரு கணக்குக் கூறுகிறது. 2022-இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரில் வேலையற்றோர் நூற்றுக்கு 3.4 பேர், பட்டம் பெற்ற இளைஞரிலோ 29.1 பேர். இதைக் கண்டு படிப்பே வீண் என்று முடிவு கட்டிவிடலாகாது. படிக்காதவன் ஒரு நாள் கூலி இல்லாவிட்டாலும் பட்டினி. ஆகவே கிடைத்த வேலைக்குப் போகிறான். பட்டதாரியைக் காத்திருக்கச் செய்வது தகப்பனார் விற்ற நெல்லும், தாயார் கறந்த பாலும், தமையன் அனுப்பும் பணமுமே. காத்திருப்பின் செலவு பரீக்ஷை எழுதுகிறவனுடைய கணக்கில் ஏறுவதில்லை. குடும்பத்தின் கணக்கில் ஏறுகிறது. பெண்களுக்கோ அந்த அவகாசமும் கிடையாது. இரண்டு முறை தவறினால் வரன் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மேலும், சர்க்கார் உத்தியோகத்தையே விரும்பச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? பெரியவர்களே. உள்ளூரில் கணக்கெழுதும் பட்டதாரிக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறவர்களும் அவர்களே.

இவ்விதம் வாலிபர் காத்திருக்கையில், கிராமத்துக்கென்றே ஏற்பட்ட உத்தியோகங்கள் தக்க ஆளின்றி நிற்கின்றன. உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு இடமளித்து 2002-இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. அத்தகைய கம்பெனி ஒவ்வொன்றும் முழுநேர நிர்வாக அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டுமென்பது சட்டம். விவசாயிகளின் பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகளை நிறுவும் மத்திய சர்க்கார் திட்டம் 2020-இல் தொடங்கியது. அதன்படி ஓர் அமைப்புக்கு மூன்று வருஷத்துக்கு 18 லக்ஷம் ரூபாய் வரையில் நிர்வாக உதவி உண்டு. நிர்வாக அதிகாரிக்கு மாதம் 25,000 ரூபாயும், கணக்கருக்கு 10,000 ரூபாயும் வரையில் அதிலிருந்து கொடுக்கலாம்.

மூன்று வருஷம் என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். முதல் வருஷத்தில் பட்டதாரி உற்சாகத்தோடு வருகிறான். பங்குத் தொகை வசூலிக்கிறான், லைசென்ஸ் பெறுகிறான். அறுவடைக் காலத்தில் அங்கத்தினர்கள் சரக்கைத் தரகு மண்டிக்குக் கொண்டு போகிறார்கள். மண்டியில் கழித்ததைக் கம்பெனிக்குக் கொண்டு வருகிறார்கள். இதற்கும் காரணம் இல்லாமலில்லை. விதைப்புக்கு முன்பணம் கொடுத்தவர் மண்டிக்காரர். அவருக்குச் சரக்குக் கொடாமல் தப்ப இயலாது. விவசாயச் சங்கத்தில் பயிர்க் கடனை வேளையோடு பெற்று, மண்டிக் கடனைத் தீர்த்த பிறகே அங்கத்தினர் சுயேச்சையாக விற்க முடியும். அதுவரையில் கம்பெனிக்கு வியாபாரம் பெருகாது. நான்காம் வருஷம் உதவித் தொகை நின்றதும் சம்பளம் நிற்கிறது. பட்டதாரி மறுபடியும் பரீக்ஷைப் புத்தகத்தை எடுக்கிறான். அவனைக் கிராமம் வெளியேற்றியது என்று ஒருவரும் சொல்வதில்லை. அவனுக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள்.

வேறு விதமாகவும் நடந்ததுண்டு. கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன், 1949-இல் குஜராத்திலுள்ள ஆனந்த் என்ற சிற்றூருக்கு வந்தார். சேவை செய்யும் எண்ணத்துடன் வந்தவரல்லர். அமெரிக்கப் படிப்புக்குச் சர்க்கார் கொடுத்த பணத்துக்கு ஈடாக, சர்க்கார் வெண்ணெய்ச் சாலையில் வேலை செய்ய வந்தவர். நிபந்தனையிலிருந்து விடுபட்டதும் ஊரை விட்டுப் புறப்படவே இருந்தார். 1946-இல் ஏற்பட்ட கேடா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் யூனியனின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல்தான், புது இயந்திரங்கள் ஓடும் வரையிலாவது இருக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டவர். குரியன் பிறகு ஆனந்தை விட்டுப் போகவேயில்லை. அவருடைய திறமையைப் பலரும் புகழ்வர். குடியானவர்கள் காலையிலும் மாலையிலும் பாலைத் தங்கள் சங்கத்திலேயே கொண்டு வந்து ஊற்றினார்கள் என்பதை அவ்வளவு பேர் சொல்வதில்லை. ஊற்றிய பாலிலிருந்துதான் அவருடைய சம்பளம் வந்தது.

சிறிய அளவிலும் இடம் உண்டு. பூச்சிமருந்து விற்பனை லைசென்ஸ் பெற விவசாயம், ரஸாயனம், தாவரவியல், விலங்கியல் முதலிய பாடங்களில் பட்டமோ, குறிப்பிட்ட விவசாயப் பயிற்சியோ வேண்டுமென்று 2015-இல் விதி திருத்தப்பட்டது. விலங்கியல் பட்டம் எதற்கு உதவும் என்று வீட்டில் ஏச்சுக் கேட்கும் பெண்ணின் சான்றிதழைக் கொண்டு, அவ்வூர்க் கம்பெனி ஒரு மருந்துக் கடை திறக்கலாம். கடைக்குச் சொந்தக்காரர் விவசாயிகளே ஆவதால், வேண்டாத மருந்தைத் தலையில் கட்டும் அவசியம் அவளுக்கு இராது. அவள் மாலையில் பரீக்ஷைக்கும் படிக்கலாம். மாதச் சம்பளம் வரும் பெண்ணை வீட்டார் அவசரப்படுத்துவதும் குறையும்.

ஆகையால் கம்பெனி அங்கத்தினர்கள் இவ்வருஷத்துப் பொதுக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயத்தைச் சேர்க்கச் செய்ய வேண்டும். உதவித் தொகை நிற்கும் மாதம் எது, அதன் பிறகு நிர்வாக அதிகாரியின் சம்பளத்துக்கு எவ்வளவு வியாபாரம் வேண்டும், அதற்கு ஒவ்வோர் அங்கத்தினரும் எத்தனை மூட்டை கொடுக்க வேண்டும் என்ற கணக்கை டைரக்டர்கள் கூட்டத்தில் வாசிக்கட்டும். மூட்டைக் கணக்கு நிச்சயமான பின்பு, அந்த எண்ணிக்கைக்கு எதிரே அங்கத்தினர் ஒவ்வொருவரும் கையெழுத்திடட்டும்.