விண்கல்லும் அதன் சீட்டும்

என் மேசைமீது ஒரு சிறு தகரப் பெட்டி இருக்கிறது. அதனுள் புளியங்கொட்டை அளவில் இரண்டு கருநிறக் கல் துண்டுகள் உள்ளன. இரண்டும் விண்ணிலிருந்து வீழ்ந்தவை. பல ஆண்டுகளுக்கு முன் இரு வேறு வியாபாரிகளிடம் அவற்றை விலைகொடுத்து வாங்கினேன். ஒவ்வொன்றுடனும், அது எந்த ஊரில், எந்த நாளில் வீழ்ந்தது என்று எழுதிய சீட்டு ஒன்றும் வந்தது. வீடு மாறிய சமயத்தில் அந்தச் சீட்டுகள் கற்களை விட்டுப் பிரிந்துவிட்டன. எது எந்த ஊர்க் கல் என்று இன்று என்னால் சொல்ல இயலாது. பிழை என்னுடையதே. விண்கல்லைப் பற்றி நான் கற்ற முதற் பாடமும் அதுவே. கல் பாதி, அதைப் பற்றிய குறிப்புப் பாதி.

இதற்குச் சான்றாக நம் நாட்டில் வீழ்ந்த ஒரு கல்லின் வரலாற்றையே சொல்லலாம். பீகாரில் கயைக்கு அண்மையில் ஷெர்கோட்டி என்றோர் ஊர் உண்டு. 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் காலை அங்கே வானில் பேரோசை எழுந்தது; சுமார் 5 கிலோ எடையுள்ள கல் ஒன்று தரையில் வீழ்ந்தது. கண்டவர்கள் அதை எடுத்து வைத்தார்கள். ஊரும் நாளும் குறிக்கப்பெற்றுக் கல் கல்கத்தாவை அடைந்தது. அக்காலத்தில் பெரிய பொருட்காட்சிச்சாலைகள் தம்முள் விண்கற்களைப் பரிமாறிக்கொள்வது வழக்கம். ஷெர்கோட்டிக் கல்லின் துண்டு ஒன்று வியன்னா நகரில் இருந்த ஷெர்மாக் என்ற அறிஞரின் கைக்கு வந்தது. அவர் அதனுள் கண்ணாடி போன்ற புதுப் பொருள் ஒன்றைக் கண்டு, 1872இல் அதற்கு மாஸ்கெலினைட் என்று பெயரிட்டார். பேரதிர்ச்சி ஒன்றினால் கனிமம் கண்ணாடியாக மாறிய அடையாளம் அது. ஆனால் அந்த அதிர்ச்சி எங்கே நேர்ந்தது என்பதை அறிய இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரான்சில் 1815இல் ஷாசினி என்ற ஊரிலும், எகிப்தில் 1911இல் நக்லா என்ற ஊரிலும் இதற்கு உறவான கற்கள் வீழ்ந்தன. விண்கற்களில் பெரும்பாலானவை சுமார் 450 கோடி ஆண்டுப் பழமையானவை. நக்லாக் கல்லோ சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்தது என்று கணக்கிட்டார்கள். விண்கற்களுக்குத் தாயகமாகக் கருதப்படும் சிறு கோள்கள் வெகு காலத்துக்கு முன்பே குளிர்ந்து போனவை. அவ்வளவு பிற்காலத்தில் அவற்றில் எரிமலை ஏது? ஆகவே பெரியதொரு கிரகத்திலிருந்தே இவை வந்திருக்க வேண்டும் என்ற ஐயம் பிறந்தது.

ஐயத்தைத் தீர்த்தது தென் துருவத்துப் பனிப்பரப்பில் 1979-80ஆம் ஆண்டுப் பருவத்தில் கிடைத்த கல் ஒன்று. ஷெர்கோட்டி இனத்தைச் சேர்ந்த அதன் கண்ணாடிப் பகுதிக்குள் சிறிதளவு வாயு சிறைப்பட்டிருந்தது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அக்கிரகத்தின் காற்றை அளந்து அனுப்பியிருந்தன. இரு அளவுகளையும் ஒப்பிடும் பணி 1983இல் முதன்முதலாக வெளியாயிற்று. வாயுக்களின் விகிதங்கள் ஒத்திருந்தன. பெரும் பாறை ஒன்று செவ்வாயின்மீது மோதியபோது, நொடிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எறியப்பட்ட துண்டுகளே, விண்வெளியில் அலைந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஷெர்கோட்டியில் கல்லை எடுத்து வைத்தவர்களுக்குச் செவ்வாயைப் பற்றி எண்ணம் ஏதும் இருந்திருக்காது. ஆயினும் அவர்கள் காத்துக் கொடுத்ததனால்தான் பின்வந்தோர்க்கு ஒப்பிட ஒரு கல் இருந்தது.

இனி வணிகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்லை விற்பது விஞ்ஞானத்துக்குத் துரோகம் என்று எண்ணுவோர் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் சகாராப் பாலைவனத்து நாடோடி மக்கள் கல்லைத் தேடி எடுப்பது வயிற்றுக்காக; விலை கிடைக்காவிடில் யார் தேடுவார்? 2011இல் மொராக்கோவின் வியாபாரி ஒருவர் வழியே சேகரிப்பாளர் ஒருவர் வாங்கிய 320 கிராம் எடையுள்ள கருங்கல், அமெரிக்காவில் நியூ மெக்சிகோப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. அதுவரை அறிந்த செவ்வாய்க் கற்களைக் காட்டிலும் அதில் நீர் பத்து மடங்கு மிகுந்திருப்பதை 1913இல் அல்ல, நம் காலத்திலேயே, 2013இல் அறிந்தோம். வியாபாரி இல்லையேல் அந்த அறிவும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. நைஜர் நாட்டின் அகாடெஸ் பகுதியில் 2023 நவம்பரில் 24 கிலோவுக்கு மேற்பட்ட செவ்வாய்க் கல் ஒன்று கிடைத்தது. அறியப்பட்ட செவ்வாய்க் கற்களில் அதுவே மிகப் பெரியது. 2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் அது 53 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. தன் மண்ணில் கிடைத்த பொருள் எவ்வாறு கடல் கடந்தது என்று நைஜர் அரசு விசாரணை தொடங்கியது. அக்கேள்வி நியாயமானதே. வீழ்ந்த கல்லுக்கு வானம் உரிமை கோராது. ஆனால் அது வீழ்ந்த மண்ணுக்கு மக்கள் இருக்கிறார்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. புது விண்கல் ஒன்றுக்கு உலகம் ஒப்பும் பெயர் வேண்டுமானால், அதில் 20 கிராம், அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றுள் எது குறைவோ அது ஆராய்ச்சி நிலையத்தில் இருத்தல் வேண்டும். மற்றது எந்தச் செல்வரின் கண்ணாடிப் பேழைக்குச் சென்றாலும், அந்தச் சிறு பங்கு அறிஞர் கைக்கு எட்டும் இடத்தில் நிற்கும்.

நேயர்களே, உங்கள் ஊர் வயலில் என்றேனும் ஒரு கல் வீழ்ந்தால் சில காரியங்களைச் செய்யுங்கள். நாள், நேரம், இடம், வந்த திசை ஆகியவற்றை உடனே எழுதுங்கள். கல்லைக் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள். காந்தத்தை அதனருகே கொண்டுபோகாதீர்கள். கல்லில் உறைந்திருக்கும் பழங்காலக் காந்தப் பதிவு அதனால் அழிந்துபோகும். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்குத் தகவல் கொடுங்கள். உங்கள் கையெழுத்தில் உள்ள நான்கு வரிகள் நூறு ஆண்டு கழித்து ஒருவருக்குத் தேவைப்படலாம்.

என் பெட்டியில் இருக்கும் கற்களுக்கு அந்த நான்கு வரிகள் இல்லை. அவை அழகாகத்தான் இருக்கின்றன. கேட்டால்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.