மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம்

(கொட்டிவாக்கத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டதும் செயலாளர் அண்ணன், "ஏம்ப்பா, இன்ஜினியருக்கு ஆஸ்பத்திரியில என்ன பேச்சு?" என்று சிரித்தார். எனக்குச் சோறு போடுவதே ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கும் வேலைதான். ஆனால் இன்று பேச வந்தது கருவியைப் பற்றி அல்ல, கூடிப் பேசுவதைப் பற்றி.

நம் தொழிலில் இது பழைய சங்கதி. 1962-ல் ஜப்பானில் குவாலிட்டி சர்க்கிள் பிறந்தது. தொழிலாளர்கள் தவறாமல் கூடி, பழுது ஏன் வருகிறது என்று தாங்களே ஆராய்வார்கள். 1980-ல் ஹைதராபாத் பி.எச்.இ.எல். இதை நம் நாட்டில் தொடங்கியது.

மருத்துவத்திலும் இது உண்டு. பிரசவத்தில் தாய் இறந்தால் ஏன் என்று ரகசியமாக விசாரித்துப் பாடம் கற்கும் முறையை இங்கிலாந்தில் 1952-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். நம் தமிழ்நாட்டில் 1990-களில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராய ஆரம்பித்தார்கள். பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையிலேயே கூட்டம் நடந்தது. இறந்துபோன பெண்ணின் குடும்பத்தாரையும் கூப்பிட்டார்கள். இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வலி எத்தனை மணிக்குக் கண்டது, வண்டி எப்போது வந்தது, எந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்காது. கூடவே ஓடிய அம்மாவுக்குத்தான் தெரியும்.

முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். தம்பிகளே, நீங்கள் படிக்கும் ஃபெயிலியர் அனாலிசிஸ்தான் இது!

உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு, 2001-03-ல் இங்கே 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. கூட்டம் போட்டதால் மட்டும் குறைந்தது என்று சொன்னால் அது பொய். 24 மணி நேரமும் நர்ஸ் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-ல் வந்த 108 வண்டி எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஓட்டை எங்கே என்று தெரியாமல் எதை அடைப்பது?

ஒரு சங்கடமும் உண்டு. பெரிய அதிகாரி முன்னால் நர்ஸ் வாய் திறப்பாரா? "யார் செஞ்சது?" என்று ஆரம்பித்தால் அன்றைக்கே உண்மை செத்துப்போகும். அதுவுமில்லாமல், ஒரு உயிர் போன பிறகுதான் பேச வேண்டுமா?

அதனால்தான் இங்கே கொட்டிவாக்கத்தில் என் வீட்டு மாடியில் மாதா மாதம் கூடுகிறோம். இரண்டு மூன்று டாக்டர்கள், நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன், நான். ஆஸ்பத்திரி பெயர், நோயாளி பெயர் சொல்லக்கூடாது. டீ உண்டு, கடல்காற்று இலவசம். ஒருநாள் ஒரு நர்ஸ் அக்கா சொன்னார்: "ராத்திரியில ஆக்சிஜன் சிலிண்டர் சாவியத் தேடுறதுலயே நேரம் போகுது சார்." மறுவாரமே சாவியைச் சங்கிலி போட்டு ட்ராலியிலேயே மாட்டிவிட்டார்கள். செலவு ஒரு சங்கிலி. எந்த ஆடிட்டிலும் அது வந்திருக்காது.

எங்களிடம் ஆள் குறைவு. யார் என்ன சொன்னார், போன மாதம் சொன்னது நடந்ததா என்று எழுதி வைக்கக்கூட ஆள் இல்லை. இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர் வந்தால் போதும். இரண்டாம் சனிக்கிழமை, மாலை 5 மணி. நோட்டுப் புத்தகம் நான் தருகிறேன். வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன் என்னைப் பாருங்கள்.